ஜியாகிராஃபி மேஜர்: பிசிகலா, ஹியூமனா, ஜிஐஎஸ்ஸா? கோர்ஸ் பிளான் போடறவங்களுக்கு

முதல் வருஷம் முடிச்சிட்டு ஆகஸ்ட்டுக்குள்ள அடுத்த கோர்ஸ் லிஸ்ட் போட வேண்டிய நிலைமையில சொந்தக்காரப் பிள்ளைங்க, தெரிஞ்சவங்க பிள்ளைங்கன்னு யாராவது கேட்டுக்கிட்டே இருக்காங்க, அக்கா ஜியாகிராஃபி மேஜர்ல பிசிகல் பக்கம் (மழை, வெப்பம், கடல், நிலம்) போறதா, ஹியூமன் பக்கம் (மனுஷங்க, நகரம், இடப்பெயர்வு) போறதா, இல்ல ஜிஐஎஸ், அதாவது கம்ப்யூட்டர்ல மேப் டேட்டா வச்சு ஆராயற பாடம், நிறைய எடுத்துட்டு நேரா வேலைக்குப் போறதான்னு. இந்தத் தடவ கேட்டது என் சித்தி பொண்ணு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல, அதாவது என்யுஎஸ்ல படிக்கிறா. அவளுக்கு வாட்ஸ்அப்ல துண்டு துண்டா அனுப்பினதை ஒழுங்கா சேர்த்து எழுதினா மத்தவங்களுக்கும் உதவும்னு தோணுச்சு.

என் அபிப்பிராயத்தை முதல்லயே சொல்லிடறேன். மூணுல எது எடுத்தாலும் சரி, தலைப்பு பிடிச்சிருக்குன்னு மட்டும் பாத்து எடுக்காதீங்க, அந்தப் பக்கம் போனா டேட்டா எப்படி கைக்கு வரும், எந்த மாசத்துல வரும், அது உங்க செமஸ்டர் கேலண்டரோட ஒத்துப்போகுமா, அதைப் பாத்து எடுங்க. தலைப்பை மூணாவது வருஷத்துல கூட மாத்திக்கலாம், ஆனா மழை பெய்யற மாசத்தை யாரும் மாத்த முடியாது.

கணக்கு எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் ஒரு தடவ. டிகிரிக்கு 160 யூனிட், ஒரு கோர்ஸ் பொதுவா 4 யூனிட், அதுல மேஜருக்கு 60 யூனிட், அதாவது 15 கோர்ஸ்தான். செகண்ட் மேஜர்னா 40, மைனர்னா 20. நாலு வருஷம்னு கேக்க நீளமா இருக்கும், ஆனா 15 கோர்ஸ்ல அறிமுகம், மெத்தட்ஸ், கடைசி வருஷ தீசிஸ் இதெல்லாம் போக உண்மையிலயே நீங்களா தேர்ந்தெடுக்கறது கொஞ்சம்தான். அதுலயும் 3000, 4000 லெவல்னு சொல்ற மேல் வருஷக் கோர்ஸ் எல்லா செமஸ்டரும் ஓடாது, சொல்லிக்குடுக்கற பேராசிரியர் லீவுல போனா அந்த வருஷம் அது கிடையாது. அதனால மூணு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் ருசி பாக்கலாம்னு நினைக்கிறவங்க கடைசி வருஷத்துல எதுலயும் ஆழம் இல்லாம நிப்பாங்க, ஒரு பக்கத்தை மெயினா வச்சே ஆகணும்.

பிசிகல் பக்கத்தை முதல்ல எடுத்துக்குவோம். நிறைய பேர் இதைக் கண்டு பயப்படறாங்க, கணக்கு வரும் கெமிஸ்ட்ரி வரும்னு, ஏ லெவல்ல மேத்ஸ் எடுத்தவங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் பெரிசில்ல. உண்மையான கஷ்டம் வேற, வானம் நம்ம டைம்டேபிள் பாத்து நடக்காது. சிங்கப்பூர்ல வருஷத்துக்கு சராசரியா 2,113 மில்லிமீட்டர் மழை, ஆனா அது சமமா பெய்யறதில்ல, டிசம்பர்ல 330க்கு மேல பெய்யுது, பிப்ரவரியில சுமார் 105தான். இப்ப செமஸ்டரைப் பாருங்க. முதல் செமஸ்டர் ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு நவம்பர் கடைசி, டிசம்பர் ஆரம்பத்துல பரீட்சையில முடியுது. வடகிழக்குப் பருவமழை சூடு பிடிக்கறது சரியா அப்பதான். ஓடையில தண்ணி எவ்வளவு சீக்கிரம் ஏறுது, கலங்கல் எவ்வளவு வருதுன்னு ஆராய்ச்சி பண்ணணும்னா நீங்க வெளிய நிக்க வேண்டிய நாள் பூராவும் ரீடிங் வீக், எக்ஸாம், அப்புறம் எல்லாரும் ஊருக்குக் கிளம்பற டிசம்பர் லீவு. அந்த டிசம்பரை விட்டுக்குடுக்க மனசு இருக்கான்னு இப்பவே கேட்டுக்குங்க, அது இருந்தா பிசிகல் உங்களுக்கு ரொம்ப நல்ல பக்கம்.

நகர வெப்பம் பத்தி பண்ணணும்னா வேற கேலண்டர். ஊருக்கு நடுவுல உள்ள கட்டடக் கூட்டத்துக்கும் காடு இருக்கற பக்கத்துக்கும் ராத்திரி வெப்பம் 7 டிகிரி வரைக்கும் வித்தியாசப்படலாம்னு இங்கயே அளந்து காட்டியிருக்காங்க. அந்த வித்தியாசம் பெரிசா தெரியறது மேயிலேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும், காத்து கம்மியா மேகம் இல்லாத ராத்திரிகள்ல, பொழுது சாஞ்சு சில மணி நேரம் கழிச்சு. அதாவது உங்க மூணாவது வருஷம் முடிஞ்சு வர்ற பெரிய லீவு. அந்த லீவுல இன்டர்ன்ஷிப் எடுத்துட்டா பகல் பூரா ஆபீஸ், ராத்திரி கிளமென்டி அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ ஒரு தெர்மாமீட்டர், கென்ட் ரிட்ஜ் காட்டு ஓரத்துல ஒரு தெர்மாமீட்டர்னு அலையணும், முடியாதுன்னு இல்ல, ஆனா தூக்கம் போகும். சென்சாரை வெள்ளை மூடிக்குள்ள வைக்கணும், தரையிலேர்ந்து ஒரே உயரத்துல வைக்கணும், ஏசி வெளிக்காத்து அடிக்காத எடமா பாக்கணும், எதுல கட்டினாலும் அந்த எடம் யாருதோ அவங்ககிட்ட அனுமதி வாங்கணும். வெயில் நேரா பட்ட சென்சார் காட்டற நம்பர் காத்தோட வெப்பம் கிடையாது, அந்த பிளாஸ்டிக் டப்பாவோட வெப்பம். இந்த மாதிரி விஷயம் லெக்சர் ஸ்லைடுல ஒரு வரியா வரும், கையால ஒரு தடவ பண்ணினாத்தான் புரியும்.

சுங்கை புலோ, மத்த சதுப்புநிலக் காடு பக்கம் போறவங்களுக்கு இன்னொண்ணு சேரும், இயற்கைக் காப்பகத்துக்குள்ள ஆராய்ச்சி பண்ண தேசியப் பூங்காக் கழகமான என்பார்க்ஸோட பெர்மிட் வேணும், அது நாளாகற விஷயம், அதுக்கு மேல அலை இறங்கற நேரத்தைப் பாத்துத்தான் சேத்துல இறங்க முடியும், திங்கக்கிழமை டியூட்டோரியல் இருக்குன்னா அலை காத்திருக்காது. ஆனா இந்த ஊர்ல கடல்மட்டம் பத்தின வேலை இனிமே கூடத்தான் போகுது, 2024ல வந்த மூணாவது தேசியப் பருவநிலை ஆய்வுல நூற்றாண்டு முடிவுக்குள்ள 1.15 மீட்டர் வரைக்கும் கடல் ஏறலாம்னு சொல்லியிருக்காங்க, ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு வெளிய சுமார் 800 ஹெக்டர்ல கடலைத் தூர்த்து லாங் ஐலண்ட் கட்டறதுக்கான ஆய்வெல்லாம் அதுக்காகவும்தான். கரை, அலை, வண்டல் புரிஞ்ச ஆளு தேவைப்படுது.

இப்ப ஹியூமன். இதைச் சுலபம்னு நினைச்சு எடுக்கறவங்க இருக்காங்க, எனக்கு அது வருத்தம். படிக்கிறது ரொம்ப இருக்கும், எழுதறது அதைவிட இருக்கும், மனுஷங்ககிட்ட பேசி டேட்டா எடுக்கறது தெர்மாமீட்டர் வைக்கறதைவிட பல மடங்கு நுணுக்கம். ஆனா தமிழ் பேசற நமக்கு இதுல ஒரு பெரிய பலம் இருக்கு, அதை நம்ம பிள்ளைங்க எடை போடறதே இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாவுல தேக்கா பக்கம் போனா புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், தஞ்சாவூர் பக்கத்துலேர்ந்து இங்க வேலைக்கு வந்த தம்பிங்க எத்தன பேர். இடப்பெயர்வு, விடுதி வாழ்க்கை, ஊருக்குப் பணம் அனுப்பறது, ஒரு நகரத்துல யார் எங்க உக்காரலாம் யார் எங்க உக்காரக் கூடாதுன்னு எழுதப்படாம இருக்கற விதி, இதெல்லாம் ஹியூமன் ஜியாகிராஃபியோட நடு மையம். வெளிநாட்டுலேர்ந்து வர்ற ஆராய்ச்சியாளர் மொழிபெயர்ப்பாளர் வச்சு கேக்கறதை நீங்க நேரா கேக்கலாம்.

அதுல நேரம் எங்க போகும்னு தெரிஞ்சுக்குங்க. புல்தரையில உக்காந்து நல்லா பேசிட்டு இருப்பாங்க, ஊர்ல தங்கச்சி கல்யாணம், ஏஜென்ட்டுக்கு கட்டின காசு, மேஸ்திரி குணம் எல்லாம் வரும், ரெக்கார்டரை எடுத்து நடுவுல வச்சதும் பேச்சு மாறிடும், எல்லாம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சின்னு முடிச்சிடுவாங்க. அதனால முதல் ரெண்டு மூணு வாரம் சும்மா போய் உக்காந்து பழகணும், நோட்டுல எழுதறதுக்குக் கூட வீட்டுக்குப் போற எம்ஆர்டி ரயில்ல உக்காந்துதான் எழுதணும். அவங்களுக்கு வாரத்துல ஞாயிறு ஒரு நாள்தான் லீவு, அதுலயும் சில பேருக்கு ஓவர்டைம். ஒரு செமஸ்டர்ல பாட வாரம் 13, அதுல எத்தன ஞாயிறு உங்களுக்கு உண்மையிலயே கிடைக்கும்னு எண்ணிப் பாருங்க, தீபாவளி நெரிசல்ல பேட்டி எடுக்க முடியாது. ஒரு மணி நேர பேட்டியை எழுத்துல இறக்க நாலஞ்சு மணி நேரம் ஆகும், நமக்கு அதுக்கு மேல இங்கிலீஷ்ல கொண்டு வர்ற வேலையும் இருக்கு. மனுஷங்களை வச்சு பண்ற ஆராய்ச்சின்னா எதிக்ஸ் அனுமதி வாங்கணும், வேலை பறிபோகுமோன்னு பயந்துகிட்டு இருக்கற ஆளுங்ககிட்ட பேசறதுக்கு அது கண்டிப்பா வேணும், வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பேட்டியும் எடுக்கக் கூடாது. ஆக ஹியூமன்ல மழை தடுக்காது, மனுஷங்களோட லீவு நாளும் நம்பிக்கையும்தான் கேலண்டர்.

வீட்டுல அப்பா அம்மா கேப்பாங்க, இதை எடுத்து என்ன ஆகப் போற, டீச்சர் வேலைதானேன்னு. டீச்சர் வேலை நல்ல வேலைதான், அதுக்குக் கீழ வர்றேன். ஆனா பதில் சொல்லணும்னா இதைச் சொல்லுங்க: புலம்பெயர்வு பத்தி ஆராய்ச்சி பண்ற பிரெண்டா யோ 2021ல வோத்ரின் லூட் பரிசு வாங்கினாங்க, ஜியாகிராஃபியில நோபல் மாதிரின்னு சொல்ற பரிசு அது, அவங்க என்யுஎஸ் டிபார்ட்மென்ட்ல இருக்கறவங்க. சிங்கப்பூர் மேனேஜ்மென்ட் யுனிவர்சிட்டி (எஸ்எம்யு) தலைவர் லில்லி கோங் ஜியாகிராஃபர். பிசிகல் பக்கம்னா வின்ஸ்டன் சௌ, நகர வெப்பம் ஆராய்ச்சி பண்றவர், 2023ல ஐ.நா.வோட பருவநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியோட ரெண்டாவது பணிக்குழுவுக்கு இணைத் தலைவரா தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்த ஊர்ல இந்தப் பாடம் 1928 காலத்து ராஃபிள்ஸ் காலேஜ்லேர்ந்து நடந்துகிட்டு இருக்கு, நேத்து வந்த சமாச்சாரம் இல்ல.

ஜிஐஎஸ். இதைப் பத்தி என் கருத்து கொஞ்சம் கண்டிப்பா இருக்கும், நான் தினமும் மேப் வச்சுத்தான் சம்பாதிக்கிறேன், அதனால சொல்றேன். எல்லாரும் ரெண்டு ஜிஐஎஸ் கோர்ஸாவது எடுத்தே ஆகணும், அதுல பேச்சே இல்ல. முதல் கோர்ஸை ரெண்டாவது வருஷம் முதல் செமஸ்டர்லயே முடிச்சிடுங்க, கடைசி வருஷத்துல தீசிஸ் எழுதிக்கிட்டே மேப் போடக் கத்துக்கறது சித்திரவதை. ஆனா ஜிஐஎஸ்ஸையே மெயினா வச்சு மத்ததை ஒதுக்கறது எனக்கு உடன்பாடு இல்ல. சாஃப்ட்வேர் மாறிக்கிட்டே இருக்கும், கியூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேர் இலவசம், வீட்டுல உக்காந்து கத்துக்கலாம், அரசாங்கத்தோட ஒன்மேப் டேட்டா, தரைப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவோட டேட்டாமால் எல்லாம் திறந்துதான் கிடக்கு. கோர்ஸ்ல கத்துக்க வேண்டியது எந்த பட்டனை அமுக்கறதுங்கறதை இல்ல, ஏன் தப்பா வந்துச்சுன்னு கண்டுபிடிக்கறதை.

ஒரு உதாரணம் சொல்றேன். இங்க அரசாங்க மேப் டேட்டா சிலது எஸ்விஒய்21ங்கற சிங்கப்பூருக்குன்னே உள்ள அளவு முறையில மீட்டர் கணக்குல வரும், ஜிபிஎஸ்லேர்ந்து எடுக்கறது டபிள்யூஜிஎஸ்84ல டிகிரி கணக்குல வரும். எது எதுன்னு சொல்லாம ரெண்டையும் மீட்டர் கணக்குல ஓடற ஒரு வெப் மேப் மேல ஒண்ணா போட்டீங்கன்னா உங்க ஆங் மோ கியோ புளோக்குங்க எல்லாம் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துல கினி வளைகுடாவுல போய் மிதக்கும், ஏன்னா எஸ்விஒய்21ல 30,000 மீட்டர்ங்கறதை அந்த மேப் பூமத்திய ரேகையும் பூஜ்ய தீர்க்கரேகையும் சந்திக்கற எடத்துலேர்ந்து 30 கிலோமீட்டர்னு எடுத்துக்கும். இது கண்ணுக்குத் தெரியற தப்பு, பரவாயில்ல. கண்ணுக்குத் தெரியாத தப்புதான் ஆபத்து. எம்ஆர்டி ஸ்டேஷனைச் சுத்தி 400 மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு, உள்ள இருக்கற புளோக் எல்லாம் பக்கம்னு கலர் அடிச்சிடுவாங்க, நடுவுல பிஐஇ விரைவுச்சாலை ஓடும், இல்ல பெரிய கால்வாய் ஓடும், பாலம் எங்கயோ இருக்கும், முட்டி வலி உள்ள பாட்டி நடக்கற தூரம் அதுல ரெண்டு மடங்கு ஆகிடும். மேப் அழகா இருக்கும், பதில் தப்பா இருக்கும். அந்தப் பாட்டியோட நடந்து பாத்தவங்களுக்குத்தான் வட்டம் போடக் கூடாது, நடைபாதை வழியா அளக்கணும்னு தோணும். வேலைக்கு ஆள் எடுக்கற எடத்துல நான் பாத்த வரைக்கும் வெறும் டூல் தெரிஞ்சவங்களைவிட ஒரு கேள்வியை உருப்படியா கேக்கத் தெரிஞ்சு கூடவே டூலும் தெரிஞ்சவங்கதான் நிலைக்கிறாங்க.

அப்ப மூணையும் வச்சுப் பாத்தா நான் சொல்றது, ஜிஐஎஸ் எல்லாருக்கும் அடித்தளம், பிசிகல் ஹியூமன் ரெண்டுல ஒண்ணு மெயின். ரெண்டுல எதுன்னா, கருவியோட தனியா நிக்கப் பிடிக்குமா, முன்னப்பின்ன தெரியாத ஆளோட உக்காந்து பேசப் பிடிக்குமா, அதுதான் கேள்வி. படிக்கறதுக்கு ரெண்டும் பிடிக்கும்னு எல்லாரும் சொல்வாங்க, நாள் பூரா செய்யறதுக்கு எது பிடிக்கும்னு கேட்டா விடை தானா வந்துடும்.

செகண்ட் மேஜர் பத்தி சுருக்கமா. 40 யூனிட்னா இன்னொரு 10 கோர்ஸ், அதை வச்சா ஃபீல்ட்வொர்க்குக்கு இருக்கற காத்தோட்டம் போயிடும். எக்கனாமிக்ஸ் மேல நிஜமாவே ஆசைன்னா எடுங்க, ரெசுமேல நல்லா இருக்கும்னு எடுக்காதீங்க. ஸ்டாட்டிஸ்டிக்ஸ், டேட்டா பக்கம் ஒரு மைனர் போதும்.

எக்ஸ்சேஞ்சா, டிபார்ட்மென்ட் நடத்தற ஃபீல்ட் ஸ்டடீஸா? இது மனசு கிழியற கேள்வி, எனக்குப் புரியுது, பனி பாக்கணும்னு ஆசை இருக்கும். எக்ஸ்சேஞ்ச்ல எடுக்கற கோர்ஸுக்கு கிரெடிட் வரும், மார்க் ஜிபிஏல சேராது, அதனால மனசு லேசா புதுசா எதையாவது முயற்சி பண்ணலாம், இங்க இல்லாத பனிப்பாறை, பாலைவனம் மாதிரி பாடமெல்லாம் எடுக்கலாம். ஆனா மூணாவது வருஷம் ஒரு செமஸ்டர் இங்க இல்லேன்னா, அந்த செமஸ்டர்ல மட்டும் ஓடற 3000 லெவல் கோர்ஸ் போச்சு, தீசிஸுக்கு சூப்பர்வைசர் பிடிக்கற நேரமும் கிட்டத்தட்ட அதேதான், ஈமெயில்ல கேக்கறதுக்கும் ரூம் கதவைத் தட்டிக் கேக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. ஃபீல்ட் ஸ்டடீஸ் தென்கிழக்கு ஆசியாவுல, செமஸ்டர் இல்லாத லீவுல நடக்கும், குழுவா ஒரு ஊர்ல தங்கி கேள்வி போட்டு டேட்டா எடுத்து எழுதணும், மார்க்கும் சேரும். ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா, காசோ நேரமோ எதுவா இருந்தாலும், நான் ஃபீல்ட் ஸ்டடீஸைத்தான் சொல்வேன். மொழி தெரியாத ஊர்ல போய் ஒரு கேள்வித்தாள் ஏன் வேலைக்காகலன்னு மூணு நாள் முட்டி மோதிப் பாக்கறது வேற எங்கயும் கிடைக்காத படிப்பு. வீட்டுல பொண்ணை வெளிய தங்க அனுப்ப யோசிக்கிறாங்கன்னா, கூட லெக்சரர் வர்றாங்க, குழுவா தங்கறாங்கன்னு சொன்னா பாதி வீட்டுல ஒத்துக்கறாங்க.

கடைசி வருஷ தீசிஸ் எழுதறதா, அதுக்குப் பதிலா கோர்ஸா எடுத்து முடிக்கறதா? இதுல நான் எல்லாரையும் தீசிஸ் எழுதச் சொல்ல மாட்டேன். மறுபடி மறுபடி போகக்கூடிய ஒரு எடம், இல்ல மறுபடி மறுபடி பேசக்கூடிய ஒரு கூட்டம் உங்களுக்கு இருக்கா? இருந்தா எழுதுங்க. வீட்டுலேர்ந்து ஒரே பஸ்ல போற எடமா இருந்தா இன்னும் நல்லது, செம்பவாங்ல இருக்கற பிள்ளை துவாஸ்ல ஃபீல்ட் சைட் வச்சா போக வரவே நாள் போயிடும், அதே பிள்ளைக்கு செம்பவாங் கப்பல்தளத்துல வேலை பாத்த நம்ம ஆளுங்களோட பழைய குடியிருப்பு கதை பக்கத்துலயே கிடக்கு. அப்படி எடமும் இல்ல கூட்டமும் இல்ல, மேல படிக்கற எண்ணமும் இல்லேன்னா கோர்ஸா எடுத்து நல்லா பண்றதுல எந்தக் குறையும் இல்ல. ஹானர்ஸ் ஹையஸ்ட் டிஸ்டிங்ஷனுக்கு 4.5 வேணும்ங்கற கணக்குல இருக்கறவங்களுக்கு தீசிஸ் ஒரே அடியில ஏத்தவும் செய்யும், இறக்கவும் செய்யும்.

டீச்சராகணும்னு முடிவு பண்ணிட்டவங்களுக்கு மேல சொன்னதுல ஒரு திருத்தம் உண்டு. உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் பத்தாது. 2023லேர்ந்து நடக்கற ஓ லெவல் ஜியாகிராஃபி சிலபஸ்ல அன்றாட வாழ்க்கையில ஜியாகிராஃபி, சுற்றுலா, பருவநிலை, டெக்டோனிக்ஸ், சிங்கப்பூர்னு அஞ்சு பகுதி இருக்கு, பிள்ளைங்க ஃபீல்ட்வொர்க்கும் பண்ணணும். நீங்க நாலு வருஷம் நகர அரசியல் மட்டும் படிச்சிட்டு கிளாஸ்ல எரிமலை நடத்தப் போனா முதல் வருஷம் நீங்களும் பிள்ளைங்களோட சேர்ந்துதான் படிக்கணும். அதனால மெயின் ஹியூமனா இருந்தாலும் பருவநிலை ஒண்ணு, நிலவியல் சம்பந்தமா ஒண்ணு எடுத்துடுங்க. டிகிரிக்கு அப்புறம் தேசியக் கல்விக் கழகமான என்ஐஇயில பிஜிடிஇங்கற ஆசிரியர் டிப்ளமா வழி இருக்கு, நேரா என்ஐஇயிலயே டிகிரி பண்ற வழியும் இருக்கு, இன்னும் யுனிவர்சிட்டில சேராம ஜூனியர் காலேஜ்ல, பாலிடெக்னிக்ல இருக்கற பிள்ளைங்க அதையும் பாருங்க. நிலநடுக்கம், எரிமலைதான் உயிர்னு இருக்கறவங்க நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான என்டியூவோட ஏஷியன் ஸ்கூல் ஆஃப் தி என்விரான்மென்ட்டைத்தான் முதல்ல பாக்கணும், சுமத்ரா பக்கத்து வேலையெல்லாம் அங்கதான் பலமா நடக்குது.

என் சித்தி பொண்ணுக்கு கடைசியா போட்டுக் குடுத்த பிளான் இது. அவளுக்கு ஆளுங்களோட பேசப் பிடிக்கும், அதனால மெயின் ஹியூமன். ரெண்டாவது வருஷம் முதல் செமஸ்டர்ல ஜிஐஎஸ் அறிமுகமும் இடப்பெயர்வு சம்பந்தமா ஒரு கோர்ஸும், ரெண்டாவது செமஸ்டர்ல மெத்தட்ஸ், கூட பருவநிலை ஒண்ணு. அந்த மே, ஜூன்ல எடம் கிடைச்சா ஃபீல்ட் ஸ்டடீஸ். மூணாவது வருஷம் எக்ஸ்சேஞ்ச் கிடையாது, அதுக்குக் கோவிச்சுக்கிட்டா, பரவாயில்ல, டிசம்பர் லீவுல போய் பனி பாத்துக்கலாம். மூணாவது வருஷம் ரெண்டாவது செமஸ்டருக்குள்ள சூப்பர்வைசர், எதிக்ஸ் ஃபார்ம், அந்தப் பெரிய லீவுல ஞாயிறு ஞாயிறா தேக்கா, நாலாவது வருஷம் செப்டம்பர் ரீசஸ் வீக்குக்குள்ள (செமஸ்டர் நடுவுல வர்ற ஒரு வார லீவு) பேட்டி எல்லாம் முடிஞ்சிடணும், அப்புறம் எழுதறதுதான். கோர்ஸுக்குப் பதிவு பண்ற கோர்ஸ்ரெஜ்ல கேட்டது கிடைக்காமப் போகலாம், அதனால ஒவ்வொரு செமஸ்டருக்கும் மாத்துக் கோர்ஸ் ரெண்டு யோசிச்சு டைம்டேபிள் போடற என்யுஎஸ்மாட்ஸ் சைட்ல இன்னொரு டைம்டேபிளாவே போட்டு வைக்கச் சொல்லியிருக்கேன், மெத்தட்ஸும் ஜிஐஎஸ்ஸும் மட்டும் எந்த டைம்டேபிள்லயும் நகரக் கூடாது, அதைச் சுத்தி மத்ததெல்லாம் எங்க வேணா போகட்டும்.